அரையாண்டு நிறைவும் ஜெய்சல்மேர் பயணமும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மதிப்பெண் அட்டைகள் விடுமுறைக்குப் பின் வழங்கப்படும். விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவ மாணவியர் பரிசுகள் பெற்றுப் பள்ளிக்குப் பெருமை சேர்த்தனர். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தேறியது. நூலகத்துக்கு நூல்கள் வழங்கியவர்களுக்கும், எல்லா விழாக்களிலும் தோள்கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் என் நன்றி.

இனி, பொங்கல் விடுமுறையை ஒட்டி நம் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் செல்லவிருக்கும் ஜெய்சல்மேர் பயணம் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பெற்றோர்கள் கடைசி வரி வரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகள் செல்வது ராஜஸ்தானிலுள்ள பாலைவன தேசியப் பூங்காவுக்கு. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த நிலம் 1980-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. சுதாசரி என்ற இடத்தில் வேலியிட்டுக் காக்கப்படும் புல்வெளியில் இரண்டு காலைப் பொழுதுகள், அகல் என்ற இடத்திலுள்ள கல்மரப் பூங்காவில் அரை நாள், சாம் மணற்குன்றுகளில் ஒரு மாலை, ஜெய்சல்மேர் கோட்டையில் ஒரு பகல் என்று ஆசிரியர்கள் பல வாரங்கள் யோசித்துத் திட்டம் வகுத்தார்கள்.

அந்தத் திட்டம் சென்ற வாரம் உருமாறி என் மேசைக்கு வந்தது. பெற்றோர் சிலர் பயண ஏற்பாட்டாளரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, சுதாசரியை முழுவதுமாக நீக்கிவிட்டு அந்த நேரத்தைச் சாம் மணற்குன்றுகளுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மணல் மேட்டில் ஜீப் ஓட்டம், கூடாரத்தில் ஒலிபெருக்கி வைத்து ஆட்டம் பாட்டு, கூடுதல் கட்டணம் எல்லாம் சேர்ந்த புதிய நிரல் ஒன்றை அவரும் தயாரித்து அனுப்பிவிட்டார்.

உங்கள் விருப்பம் எனக்குப் புரிகிறது. பாலைவனம் என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது மணல் மேடும் ஒட்டகமும்தான். இவ்வளவு தொலைவு போகிற பிள்ளை ஆசை தீர அனுபவித்துவிட்டு வரட்டுமே என்று நினைப்பது பெற்ற மனம். ஒட்டகச் சவாரியும் சூரிய அஸ்தமனமும் நம் திட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றை யாரும் இழக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பூங்காவில் மணற்குன்றுகள் ஒரு பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் புல்வெளி, சரளைத் தரை, முட்புதர், பாறை. பிள்ளைகள் அங்கே என்ன செய்யப் போகிறார்கள் என்பதை நீங்கள் முழுமையாக அறிந்தால், எதை நீக்கச் சொன்னீர்கள் என்பதும் தெரியவரும்.

முதலில் காலைப் பொழுது. விடியுமுன் எழுந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் மணலருகே நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில்தான் மணலில் பதிந்த தடங்களுக்கு நிழல் விழுந்து அவை துலக்கமாகத் தெரியும். வண்டு நடந்த தடம் தையல் போட்டதுபோல் இரு வரிசையாகப் போகும். ஓணான் போன இடத்தில் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு இருக்கும். சுருட்டை விரியன் பக்கவாட்டில் நகர்ந்து செல்வதால் அதன் தடம் ஒன்றோடொன்று சேராத சாய்ந்த கோடுகளாக விழும். பாலைவன நரி நேர்கோட்டில் நடந்து வந்து, ஓரிடத்தில் நின்று, மணலைக் கிளறிவிட்டுத் திரும்பியிருக்கும். இரவெல்லாம் அங்கே நடந்ததைப் பிள்ளைகள் குனிந்து படிப்பார்கள், குறிப்பேட்டில் வரைவார்கள். காற்று எழுந்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். ஒரு ஜீப் குறுக்கே போனாலும் அழிந்துவிடும்.

அடுத்தது சுதாசரிப் புல்வெளியில் பிள்ளைகள் தேடப் போகும் கானமயில். பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் அல்ல; ஆங்கிலத்தில் ‘கிரேட் இந்தியன் பஸ்டர்ட்’ எனப்படும் பறவை. ராஜஸ்தானின் மாநிலப் பறவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். நன்கு வளர்ந்த ஆண் 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கும் பறவைகளில் மிகுந்த எடையுள்ளவற்றில் ஒன்று. இன்று இயற்கையில் எஞ்சியிருப்பவை 150 அளவுக்குத்தான் என்று கணிக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஜெய்சல்மேர் பகுதியில் வாழ்கின்றன. கூடு கட்டாமல் வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் முன்னே இருப்பது சரியாகத் தெரியாது. மின்கம்பி அருகில் வந்த பிறகே அதைப் பார்க்கிறது. அவ்வளவு கனத்த உடலைச் சட்டென்று திருப்பிக்கொள்ள முடியாமல் மோதி இறக்கிறது. இதற்காக மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. அந்த ஆணையை 2024-இல் மாற்றியமைத்து, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. பேருந்தில் போகும்போது கம்பிகளில் தொங்கும் எச்சரிக்கைத் தகடுகளைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும், எந்தக் கம்பியில் இருக்கிறது, எதில் இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கானமயிலை நிச்சயம் காட்டிவிடுவோம் என்று நான் வாக்குத் தர முடியாது. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாய் பேசாமல் உட்கார்ந்தும் ஒன்றுகூடத் தென்படாமல் போகலாம். அப்படிப் போனாலும் அந்த அரை மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குள் சிங்காரா மான்கள் புல் மேய்ந்தபடி கடந்து போகும், வானில் பாறு கழுகுகள் வட்டமிடும், பிள்ளைகளின் கண் தொலைவுக்குப் பழகும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வூரில் சாண்டா எனப்படும் முள்வால் பல்லி வளை தோண்டி வாழ்கிறது; குளிர்காலத்தில் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். மணலைப் பிடித்து நிறுத்துவது சேவண் என்னும் புல். தடம் விலகி ஓடும் வண்டிச் சக்கரம் அந்த வளைகளை நசுக்குகிறது, புல்லின் வேரை அறுக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் நிலத்தில் அது மீண்டும் தழைக்க வெகுகாலம் ஆகும். ஜீப் ஓட்டத்தை நாங்கள் திட்டத்தில் சேர்க்காததற்குக் காரணம் இதுதான். பணம் மிச்சம் பிடிக்கச் செய்ததாகச் சிலர் சொன்னது என் காதுக்கு வந்தது, அது உண்மையல்ல.

அகல் ஜெய்சல்மேரிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில், பார்மேர் செல்லும் சாலையில் இருக்கிறது. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வளர்ந்த பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இப்போது நிழலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டிய அந்த ஊர் அன்று ஈரமும் வெப்பமும் நிறைந்த காடு. ஒரு துண்டுக் கல்லைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது. பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லிவிட்டோம், நீங்களும் சொல்லி அனுப்புங்கள். வழியில் வன்னி மரங்களைப் பார்ப்பார்கள். நம் ஊர்க் கோயில்களில் தல மரமாக நிற்கும் அதே வன்னி அங்கே ஆட்டுக்குத் தழை, மனிதருக்குக் காய், வயலுக்கு நிழல். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் அந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ரிதா தேவி முதலான பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிர் கொடுத்தார்கள். வரலாற்று ஆசிரியை அதை மரத்தடியிலேயே சொல்லப் போகிறார்.

இரவில் விண்மீன்கள். தை அமாவாசையை ஒட்டி நாள் குறித்ததே அதற்காகத்தான். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியவை அந்த மாதத்தில் முன்னிரவிலேயே உயர்ந்து நிற்கும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் கேட்டவற்றைப் பிள்ளைகள் வானத்தில் விரல் நீட்டிக் காட்டப் போகிறார்கள். ஒலிபெருக்கியும் வண்ண விளக்குகளும் வைத்த கூடாரத்தில் இது நடக்காது.

ஆகவே சில முடிவுகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றப்பட்ட நிரலை நான் ஏற்கவில்லை. பயண ஏற்பாட்டாளருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி பெற்றோர் எவரும் அவரோடு நேரடியாகப் பேசி எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்று அழைத்துச் செல்வது பள்ளி. வனத் துறையிடம் அனுமதி கேட்டுக் கையெழுத்திடுவது நான். பாகிஸ்தான் எல்லைக்கு அருகிலுள்ள பகுதி அது; யார் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தனியாக ஜீப் பேசி விட்டிருந்தால், ட்ரோன் கொடுத்து அனுப்பினால், அந்த மாணவர் விடுதியிலேயே ஓர் ஆசிரியரோடு தங்க வைக்கப்படுவார். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

கைப்பேசிக்கும் இதே கண்டிப்புத்தான். பிள்ளைகள் எவரும் கொண்டுவர வேண்டாம். பையில் இருந்தால் ஆசிரியர் வாங்கி வைத்து, திரும்பிய பின் உங்கள் கையில்தான் தருவார். பூங்காவின் சில பகுதிகளில் சிக்னல் கிடைக்காது; பேசவில்லையே என்று கலங்காதீர்கள். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் படங்களும் அனுப்புவார். அவசரம் என்றால் பொறுப்பாசிரியரை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இனி நீங்கள் கொடுத்தனுப்ப வேண்டியவை. தண்ணீர்தான் முதன்மை. ஒரு லிட்டர் கொள்ளும் பாட்டில்கள் இரண்டு. காற்று உலர்ந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது, குளிரில் தாகமும் எடுக்காது. தலைவலி வந்த பிறகே உடல் வறண்டது தெரியும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறாவது குடிக்க வேண்டும் என்று வீட்டிலேயே பழக்குங்கள். பகலில் வெயில், இரவில் 10 டிகிரிக்கும் கீழே குளிர். எனவே முழுக்கைப் பருத்திச் சட்டைகள், அவற்றின் மேல் அணிய ஸ்வெட்டர், காது மூடும் குல்லா. பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடைகள் வேண்டாம். மண் நிறம், பச்சை, சாம்பல் நல்லது. கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம், செருப்பு விடுதிக்கு மட்டும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே கால் நுழைக்க வேண்டும்; தேள் ஒதுங்கியிருக்கலாம். டார்ச், குறிப்பேடு, பென்சில், பள்ளி அடையாள அட்டை, ஆதார் நகல், வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னை நேரில் சந்திக்க வேண்டும். அங்கே தூசி அதிகம். வீட்டில் பைனாகுலர் இருப்பவர்கள் இரவல் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். பள்ளியிடம் இருப்பவை எல்லோருக்கும் போதாது.

கடிதம் சற்றுக் கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆர்வத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. குடும்பச் செலவுகளுக்கிடையே இந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், பெண் பிள்ளைகளை நம்பி ரயிலேற்றி அனுப்பச் சம்மதித்தவர்கள், பணம் கட்ட இயலாத மாணவர்களுக்காகப் பெயர் சொல்லாமல் கட்டியவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். திட்டத்தில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பின் என் அறைக்கு வாருங்கள்; உட்கார்ந்து பேசுவோம்.

ஒப்புதல் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாய், தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்திட்டு ஜனவரி 5-ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கவும்.

மிக்க நன்றி.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்