பழனிக்கு எத்தனை நாள்?

மதுரை
கார்த்திகை 12

அன்புள்ள மாப்ளே,

நாம் இங்கிருந்து பழனிக்கு நடந்து போவதைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்து நாலு நாளாயிற்று. "120 கிலோமீட்டர், 3 நாள், நாளுக்கு 40, கணக்கு முடிந்தது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எட்டாம் வகுப்பிலும் நீ இப்படித்தான். விடை வந்துவிடும், வழிமுறை இருக்காது.

போன வருஷத்துக்கு முந்தின தையில் நான் பட்ட பாட்டை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மச்சான் கூட்டத்தோடு போனேன் அல்லவா, எல்லாம் முப்பது வயசுப் பையன்கள். விடிகிறதுக்கு முன்னால் ஆரப்பாளையத்தில் கிளம்பி, ராத்திரி எட்டரைக்குக் கொடைரோட்டில் படுத்தோம். உன் கணக்குப்படி சரியாக 40. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் எழுந்து நின்றால் கெண்டைக்கால் இரண்டும் கல். இடது குதிகாலில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம். தொடை உராய்ந்து புண்ணானதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. சின்னாளபட்டி தாண்டித் திண்டுக்கல் வரைக்கும் எப்படியோ வந்து சேர்ந்து, அங்கே பஸ் ஏறிவிட்டேன். பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து, சாலையோரமாக நடந்து போகிறவர்களைப் பார்த்தபடியே பழனி போனவன் நான். முருகன் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதனால் இந்தத் தடவை கணக்கை நான் போடுகிறேன். நமக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் போகும். அதை நம்பாதே. அப்புறம் 4 ஆகும். டீ, தண்ணீர், செருப்பில் கல், வழியில் அன்னதானம் என்று எல்லாம் சேர்த்தால் மணிக்கு 3 தான் தேறும். 40-ஐ 3-ஆல் வகுத்துப் பார், 13 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. காலை நாலுக்குக் கிளம்பினாலும் சாயங்காலம் ஐந்து தாண்டிவிடும், நடுவில் மொத்த வெயிலும் நம் தலையில். 20 கிலோமீட்டர் என்றால் ஏழு மணி நேரம் ஆகாது. மூன்றரைக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துப் படுக்கலாம். இருட்டில் நடக்கும் மூன்று மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒளி அடிக்கிற ஸ்டிக்கர் வேண்டும். எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரமாகவே போவோம்.

ஆறு நாள் வைத்துக்கொள்வோம். முதல் நாள் சமயநல்லூர் வழியாக வாடிப்பட்டி, 25 வரும். புது உற்சாகத்தில் அது போய்விடும். இரண்டாவது நாள் கொடைரோடு வரைக்கும் 15 போதும். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பாய். வலி முதல் நாள் வராது மாப்ளே, இரண்டாம் நாள் காலையில்தான் வரும். அது வந்து போக ஒரு நாள் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையில் வலது பக்கம் சிறுமலை கூடவே வரும், மெதுவாக நடந்தால்தான் அதைப் பார்க்கவும் முடியும். மூன்றாம் நாள் திண்டுக்கல், மறுபடி 25 பக்கம்.

அங்கிருந்து பழனி 60-க்குக் கொஞ்சம் குறைவு. அதை மூன்றாகப் பிரித்து, நாளுக்கு 20 வீதம் போவோம். ஊர்க்கணக்குப் பார்த்தால் ஒட்டன்சத்திரம் நடுவில் இருக்கிறது, இரண்டே நாளில் முடிக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். திண்டுக்கல்லுக்கு அப்புறம் பாதை மேற்கே திரும்பிவிடுகிறது. காலையில் வெயில் முதுகில் இருக்கும், பரவாயில்லை. மத்தியானத்துக்கு மேல் நடந்தால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். கடைசி நாளுக்குக் காலில் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்கவும் வேண்டும். அடிவாரத்தோடு நடை முடிவதில்லை, 690 படிக்கு மேல் பாக்கி இருக்கிறது. இறங்கும்போது ரோப் காரோ விஞ்சோ கிடைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. முழங்காலை உடைப்பது இறக்கம்தான்.

பங்குனி உத்திரத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அந்த வெயிலில் கொடுமுடித் தீர்த்தக் காவடி எடுத்து வருகிறவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன், கூட நடக்க மாட்டேன். தையே சரி. ஆனால் பூசத்தன்று மலை ஏற வேண்டாம், கூட்டம் நம்மை ஏற்றிவிடும், இறக்கியும் விடும். மூன்று நாள் முன்னாலேயே சாமி பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம். இதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. பூசத்தன்று இங்கே மீனாட்சிக்குத் தெப்பம். மதுரைக்காரன் ராத்திரி மைய மண்டபத்து விளக்கைப் பார்க்காமல் பழனி வரிசையில் நிற்பதா?

உனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை மறந்துவிட்டு ஒரு திட்டமும் போடாதே. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. வெறுங்காலோடு நடக்கிறேன் என்று நேர்ந்துகொள்ளாதே, அப்படி ஏற்கெனவே நேர்ந்திருந்தால் உண்டியலில் ஏதாவது போட்டுச் சமாதானம் செய்துகொள். கிளம்புகிறதுக்கு முன்னால் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வா. தினமும் படுக்கும் முன் உன் பாதத்தை நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன், கூச்சப்படக் கூடாது. நடையில் சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். அன்னதானப் பந்தலில் மட்டும் கையைக் கட்டிக்கொள். வாடிப்பட்டிப் பக்கம் அந்தத் தடவை நெய் ஒழுகப் பொங்கல் போட்டார்கள், மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு ஒரு புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் தூங்கிப்போனேன். கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

இப்போதிருந்தே தாம்பரத்தில் நடக்க ஆரம்பி. ஒரே நாளில் 20 நடந்து காட்டுவது பெரிய காரியமில்லை. சனிக்கிழமை 15 நடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி 15 நடந்து பார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுது. அந்த நேரத்தை வைத்துத்தான் மொத்தத் திட்டத்தையும் திருத்துவேன், ஆறு நாள் ஏழானாலும் ஆகும். பொங்கலுக்கு நீ வரும்போது தெப்பக்குளத்தைச் சேர்ந்து சுற்றுவோம். ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் பக்கம், 16 சுற்று வந்தால் ஒரு நாள் நடை ஆகிவிடும். நாலு சுற்றுக்கு ஒரு டீ என் செலவு.

புதுச் செருப்பு வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். வாங்குவதானால் இன்றைக்கே வாங்கி, தைக்குள் பழசாக்கிக் கொண்டு வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஆறு நாள் என்றதும் அவளும் வருகிறேன் என்றால் தடுக்காதே, நம் இருவரையும்விட அவள்தான் நன்றாக நடப்பாள்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்