அவர் கேட்டது 86 டிகிரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் எழுத உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

ஆட்டிசம் என்ற பெயரை யாரும் சொல்லாவிட்டாலும், அப்படித்தான் இருக்குமோ என்று நினைக்கவைக்கும் கதாபாத்திரங்களைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘80 நாட்களில் உலகப் பயணம்’ கதையின் நாயகர் ஃபிலியாஸ் ஃபாக், சவரத்துக்கு 84 டிகிரியில் வெந்நீர் கேட்டார், வேலைக்காரன் 86-ல் கொண்டுவந்ததால் அவனை வேலையை விட்டு அனுப்பினார் என்று அதில் போட்டிருக்கிறீர்கள். தலைகீழாகிவிட்டது. அவர் கேட்டது 86. வந்தது 84.

கண்டுபிடித்தது நான் இல்லை, என் மகன். ஞாயிறு காலை ஏழரைக்குக் கண்டுபிடித்தான். அன்று ராத்திரி படுப்பதற்குள் நான்கு முறை “எழுதியாச்சாப்பா?” என்று கேட்டுவிட்டான். கல்யாண வீட்டு வேலை தலைக்கு மேல் கிடந்ததால் தள்ளிப்போட்டேன். அவன் கேட்பதைத் தள்ளிப்போடவில்லை.

இரண்டு டிகிரியில் என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். அதுவும் இது ஃபாரன்ஹீட் கணக்கு. 86 என்றால் சரியாக 30 டிகிரி செல்சியஸ். 84 என்றால் 29-க்கும் கொஞ்சம் கீழே. எங்கள் மன்னார்குடியில் மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரே இதைவிடச் சுடும். ஆனாலும் 86 என்பது 86-தான், இல்லையா?

நான் தையல்காரன். 31 வருஷமாக இதே ஊரில் கடை வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வந்ததே தொழிலால்தான். 2012-ல் கிளை நூலகத்தில் சிறுவர் பதிப்பு ஒன்றைச் சும்மா புரட்டினேன். முதல் பக்கத்திலேயே ஃபாக்கின் விலாசம்: லண்டன், சாவில் ரோ, 7-ஆம் எண். கோட்டு சூட்டுத் தைப்பதற்கு உலகத்திலேயே பேர்போன தெரு அது. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்தப் பெயரைப் பார்த்த பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனசு வராது. தையல்காரர்களைப் பற்றி ஏதாவது வரும் என்று நம்பி எடுத்துவந்தேன். கடைசிவரை ஒரு கத்தரிக்கோல்கூட வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது மகனுக்கு 11 வயது. கடை அடைத்துவிட்டு வந்து ராத்திரியில் நான் சத்தமாகப் படிப்பேன். என் மனைவி, மகள், அவன், மூவரும் கேட்பார்கள். வெந்நீர்க் கதை வந்ததும் என் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அவர் 86-ன்னு முன்னாடியே சொல்லியிருந்தாருல்ல?” என்று கேட்டான். யாருக்கும் பதில் வரவில்லை.

கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம். ஃபாக் வீட்டிலிருந்து கிளம்பி, வலது காலை இடது காலுக்கு முன்னால் 575 முறையும், இடது காலை வலது காலுக்கு முன்னால் 576 முறையும் வைத்து, தன் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார் என்று வரும். நான் படித்துக்கொண்டே போய்விட்டேன். “நில்லுப்பா” என்றான். “இடது கால்ல ஆரம்பிச்சு இடது கால்லயே நின்னிருக்காரு. மொத்தம் 1151.” நான் நம்பவில்லை. மறுநாள் கடைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நடந்து பார்த்தேன். ஒரு கணக்கு மற்றதைவிட ஒன்று கூடினால், எந்தக் காலில் ஆரம்பித்தோமோ அதே காலில்தான் முடிக்கிறோம். இதைக் கவனித்த ஒரு ஆளை நான் இன்றுவரை வேறெங்கும் சந்தித்ததில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு மறுப்பாகப் போன வாரம் வந்த வாசகர் கடிதத்துக்கு வருகிறேன். ஃபாக், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் போன்றவர்களை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசுவது அந்த மேதைகளை நோயாளியாக்கும் அவமரியாதை என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதை என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காஜா எடுக்கப் போய்விட்டான். அந்த அன்பருக்கு நான் சொல்ல விரும்புவது இது: ஒரு பையன் ஒரு புத்தகத்தில் தன் ஜாடையில் ஒருவரைக் கண்டுபிடிக்கிறான். அந்த ஜாடையைச் சொன்னாலே அவருக்கு அவமானம் என்றால், இவன் யார்?

அதற்காக ஃபாக்கின் மேல் முத்திரை குத்த வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்தக் கதை பாரீஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது 1872-ல். ஹோம்ஸின் முதல் கதை 1887. அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1943. வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்ற இன்னொரு மருத்துவர் எழுதியது அதற்கு அடுத்த வருஷம். ஆகவே வெர்னுக்கோ, ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலுக்கோ அந்தப் பெயரே தெரிந்திருக்காது. ஆள் தெரிந்திருக்கும். இப்படிப்பட்டவர்கள் கானர் எழுதிய பிறகா பிறந்தார்கள்? எங்கள் தாத்தா காலத்திலும் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார். நேரம் பார்க்க அவர் நடமாட்டத்தைப் பார்த்தால் போதும் என்று ஊரே சொல்லும், அவ்வளவுதான்.

நான் தைக்கிற சட்டைகளில் காலருக்குக் கீழே கடைப் பெயர் போட்ட லேபிள் இருக்கும். என் மகன் சட்டையில் மட்டும் கிடையாது. சின்ன வயதில் அந்தத் துண்டு பின்கழுத்தில் உரசினாலே சட்டையைக் கழற்றி வீசிவிடுவான். பிடிவாதம் என்று நினைத்து அடித்திருக்கிறேன். அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. அப்புறம் லேபிளை எடுத்தேன், உள்தையலின் பிசிறு உடம்பில் படாமல் மடித்து மூடித் தைக்கக் கற்றுக்கொண்டேன். லேபிள் இல்லாவிட்டாலும் அது யார் கைத்தையல் என்று தொழில் தெரிந்தவர்கள் காலரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

கதையில் இருக்கிறவருக்குச் சரி. உயிரோடு இருக்கிறவனுக்கு லேபிள் வேண்டியிருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசம் தனி வகையாக இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக வந்தது. அந்தச் சான்றிதழுக்காக நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் உங்கள் பக்கம் போதாது. ஆனால் பெயர் தெரியாமல் இருந்த வருஷங்களைவிட, தெரிந்த பிறகு வந்த வருஷங்களில் நிம்மதியாகத் தூங்கினோம். ஃபாக்குக்கு யாரும் தேர்வில் கூடுதல் நேரம் தரப்போவதில்லை. அவருக்குச் சான்றிதழ் எதற்கு?

ஹோம்ஸைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் நிறைய எழுதியிருந்தார். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகம் எழுதியவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நண்பர் வாட்சன் சொன்னதும், தெரிந்துவிட்டதே, இனி மறக்க முயல வேண்டும் என்றவர். எல்லாம் சரிதான். என் மகனுக்கு ஹோம்ஸைப் பிடிக்காது. புகையிலையைச் செருப்புக்குள் போட்டு வைக்கிறவரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்று கேட்கிறான். அவனுக்குப் பிடித்தவர் அண்ணன் மைக்ராஃப்ட். 1893-ல் வந்த ஒரு கதையில், அவர் தினமும் போகும் டயோஜீனஸ் கிளப் வரும். கூச்சத்தாலோ மனிதர்களைப் பிடிக்காததாலோ ஒதுங்கியிருக்கும் லண்டன்காரர்களுக்கான கிளப். வெளியாட்களுக்கான அறையைத் தவிர வேறெங்கும் பேசக் கூடாது. அடுத்தவரைக் கவனிக்கவே கூடாது. மூன்று முறை தப்பு செய்தால் வெளியேற்றலாம். “அதுல சேர எவ்வளவு கட்டணும்பா?” என்று கேட்டான். விசேஷ வீடுகளில் மைக் செட் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும் அவனுக்கு, அது கதையாகவே படவில்லை. முகவரி கிடைக்காத ஒரு இடமாகத்தான் பட்டது.

தொலைக்காட்சிகளில் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஷெல்டன் கூப்பர் என்ற விஞ்ஞானி வரும் அமெரிக்கத் தொடரைக் காட்டினாள். 2007 முதல் 2019 வரை ஓடியதாம். சோபாவில் அவருக்கென்று ஒரே இடம், கதவைத் தட்டினால் மூன்று மூன்றாகத் தட்டுவார். தனக்குப் பைத்தியம் இல்லை, அம்மா பரிசோதனை செய்து பார்த்தாயிற்று என்று அவரே சொல்வார். எழுதியவர்கள் கடைசிவரை எந்தப் பெயரும் வைக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சிரிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெட்டிக்குள் ஒரு கூட்டம் சிரித்துவிடுகிறது. பெயர் வைத்திருந்தால் அவ்வளவு தாராளமாகச் சிரிக்க விட்டிருப்பார்களா என்பது என் சந்தேகம். என் மகன் பள்ளிக்கூடத்திலும் அந்தக் கூட்டச் சிரிப்பைக் கேட்டவன். அங்கே அவனுக்கு ‘ரோபோ’ என்று பட்டப்பெயர் வைத்தது பையன்கள் இல்லை, ஒரு ஆசிரியர்.

ரோபோ என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபாக்கையும் இயந்திரம் என்றுதான் சொல்கிறார்கள். புதிதாக வந்த வேலைக்காரர் பாஸ்பார்த்து, காலை 8 மணி முதல் வீட்டில் என்னென்ன எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்று எழுதி மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, எஜமான் ஒரு இயந்திரம், இருந்தால் என்ன, இயந்திரத்துக்கு வேலை செய்ய எனக்குச் சம்மதமே என்று சந்தோஷப்படுவார். அவர் தேடி வந்ததே அப்படி ஒரு ஒழுங்கான வீட்டைத்தான். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவர்தான். முந்தைய ஆள் ஜேம்ஸ் ஃபாஸ்டருக்காகவும் நான் வருத்தப்படுவேன். இரண்டு டிகிரிக்கு வேலை போவது கொடுமைதான். மகன் இதை ஒத்துக்கொள்வதில்லை. நான் பட்டன் ஒன்றைக் கால் அங்குலம் தள்ளி வைத்த நாட்களில் ஃபாஸ்டரின் பக்கம் நிற்கவே தோன்றும்.

80 நாளில் உலகத்தைச் சுற்றிவருவதாகப் பந்தயம் கட்டிய அந்த இயந்திரம் இந்தியாவுக்கு வருகிறது. பம்பாயில் இறங்கி ஒரு கட்டடத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் புந்தேல்கண்ட் காட்டுக்குள், செத்துப்போன புருஷனோடு எரிக்கப்படவிருக்கும் அவுதா என்ற பெண்ணைப் பார்த்ததும், கையில் 12 மணி நேரம் மிச்சம் இருக்கிறது, இதற்குச் செலவழிக்கலாம் என்கிறார். உமக்கும் இதயம் இருக்கிறதே என்று கூட வந்த ராணுவ அதிகாரி ஆச்சரியப்பட, சில சமயம், நேரம் இருந்தால் என்று பதில் சொல்கிறார்.

என் மனைவி டெங்குவில் படுத்திருந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். மகன் அழவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. மனசே இல்லாத பிள்ளை என்று என் அக்காவே சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி இரண்டு மணிக்கும், வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். குணமான பிறகு ஒருநாள் கடை அளவு நோட்டைப் புரட்டினேன். ஒருவருடைய மார்பளவு, தோள், கை நீளம், அதற்கு அடுத்த வரியில் ‘அம்மா 102.4’. அடுத்த பக்கத்தில் ரவிக்கை அளவு, பிறகு ‘அம்மா 101.8’. ஆறு நாள் கணக்கு, ஒரு வேளைகூட விடவில்லை.

இப்போது அவனுக்கு 24 வயது. கடையில் அளவு நோட்டு முழுக்க அவன் பொறுப்பு. “போன தீபாவளிக்கு இடுப்பு 38, இப்ப 41” என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமலே சத்தமாகச் சொல்லிவிடுவான். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

கடைசியாக, இந்தக் கதையின் மேல் என் மகனுக்கு ஒரு தீராத கோபம் உண்டு. அதையும் எழுதச் சொன்னான். கிழக்கு நோக்கியே உலகத்தைச் சுற்றியதால் தனக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததை ஃபாக் கவனிக்கவில்லை, தோற்றுவிட்டதாக நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் அவுதாவுக்கும் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யப் போன பாஸ்பார்த்துதான் கிழமையைத் தெரிந்துகொண்டு ஓடிவந்தார் என்று கதை முடியும். மற்றவர்களுக்கு அது அருமையான திருப்பம். இவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவில் இறங்கியபோதே அங்கே தேதி ஒரு நாள் பின்னால் இருந்திருக்கும். ஃபாக் தன் கணக்கில் டிசம்பர் 11 என்று நியூயார்க் போய்ச் சேர்ந்த அன்று ஊரில் டிசம்பர் 10. அவர் வருவதற்கு 45 நிமிஷம் முன்னால் புறப்பட்டுப் போனதாகச் சொல்லும் கப்பல் அப்போது துறைமுகத்திலேயே நின்றிருக்க வேண்டும். போகட்டும், அது எழுத்தாளர் கணக்கில் விட்டது. ரயில் நேரத்தையும் கப்பல் நேரத்தையும் நோட்டுப் போட்டு எழுதுகிற மனுஷன், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரைக்கும் ஒரு காலண்டரைக்கூடவா பார்க்கவில்லை?

“அவரு பாத்திருப்பாருப்பா” என்கிறான். “எழுதினவருக்கு அவரப் பத்தி முழுசாத் தெரியல.”

வெந்நீர்த் திருத்தம் எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே ஒரு தபால் அட்டையில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். வரும்வரை தினமும் கேட்பான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
மன்னார்குடி.

(மகன் கேட்டுக்கொண்டதால் பெயர் போட வேண்டாம். எண்களை மட்டும் சரிபார்த்துப் போடச் சொன்னான்.)