கீழ்ப்பாக்கம் குடிநீரேற்று நிலையம்: நடைப்பயணத்துக்கு முன் ஒரு குறிப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறன்று நாம் காணவிருக்கும் கீழ்ப்பாக்கம் குடிநீரேற்று நிலையம், பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லியின் திட்டப்படி அமைந்து 1914இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர், 1872 முதல், புழல் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியே வடிகட்டப்படாமலேயே சென்னை நகருக்கு வந்துகொண்டிருந்ததை எண்ணிப் பார்த்தால், இந்நிலையத்துடன் வந்த மூடிய வாய்க்காலும், மணல் வழியே நீரை மெதுவாகக் கசியவிட்டுத் தூய்மையாக்கும் மெதுமணல் வடிகட்டிகளும் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். மணற்பரப்பின் மேல் படியும் வழவழப்பான மெல்லிய உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது. மணலைக் காட்டிலும் அதுவே உண்மையான வடிகட்டி என்பேன். தொடர்ந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கிணறுகளை இறக்கி அவற்றின்மீது அடித்தளமிட்டு 1821இல் முடிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும், புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்கிய ஏழுகிணறு பகுதியையும் பார்ப்போம். நிலையம் இன்றும் பயன்பாட்டில் உள்ளதால், அனுமதியின்றி உள்ளே படமெடுக்க வேண்டாம்.