கால் கழுவுவது சரி, கணக்கு?

போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் சபை நிர்வாகக் குழுவினருக்கும்,

ஸ்தோத்திரம். சபையின் பின்வரிசையில் உட்காருகிற விசுவாசி ஒருவன் எழுதுகிறேன்.

தலைவன் பணிவிடைக்காரனாக இருக்க வேண்டும் என்கிற பணிவிடைத் தலைமை பற்றிப் பிரசங்கம் என்றாலே வேதாகமத்தில் யோவான் 13தான். இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பெரிய வியாழனன்று பல சபைகளில் அதைச் சடங்காகவும் செய்கிறோம். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளம் கைதிகள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவியதை உலகமே பார்த்தது. நல்லதுதான். ஆனால் கால் கழுவ ஒரு மாலைப்பொழுது போதும். மறுநாள் முதல் யார் முடிவெடுக்கிறார்கள், கேள்வி கேட்டவர் என்ன ஆகிறார் என்பதுதான் என் கவலை.

1 இராஜாக்கள் 12ஐக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். சாலொமோன் ராஜா இறந்தபின் இஸ்ரவேல் ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உம் தகப்பன் சுமத்திய பாரத்தைக் குறையும் என்று கேட்கிறார்கள். அவன் மூன்று நாள் அவகாசம் கேட்கிறான். முதியோரிடம் ஆலோசனை கேட்கிறான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு பக்குவமான தலைவன்! இந்த ஜனங்களுக்கு இன்று நீர் சேவகனாயிரும் என்றார்கள் முதியோர். இன்னும் கடுமையாய் நடத்தும் என்றார்கள் கூட்டாளிகள். கூட்டாளிகள் சொன்னதே அவனுக்குப் பிடித்திருந்தது. இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்து போய்விட்டன. நம் கமிட்டிகளிலும் ஆலோசனைக்குக் குறைவில்லை. அதைச் சொல்ல யாரை உட்கார வைத்திருக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

அப்போஸ்தலர் 6இல் நடந்தது நேரெதிர். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கு மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். சபையை நடத்திய பன்னிரு அப்போஸ்தலர் அதைக் கலகம் என்று சொல்லவில்லை. ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கச் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அந்த உணவுப் பங்கீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் புகார் செய்த தரப்பின் கைக்கே போயிருக்க வேண்டும். புகார்க் கடிதம் வந்ததும் எழுதினவர் யார் என்று தேடுகிற நமக்கு இது எவ்வளவு தூரம்!

அப்புறம் பணம். எருசலேமுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்லக்கூடாது என்று, சபைகள் நியமித்த சகோதரனையும் பவுல் உடன் வைத்துக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 8). முதிர்வயதில் தீர்க்கதரிசி சாமுவேல் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். தேவனுக்கு மட்டும்தான் கணக்குக் கொடுப்பேன் என்று இருவருமே ஒதுங்கவில்லை.

கேள்வி எழும்போதெல்லாம், அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற வசனம் வந்துவிடுகிறது. சங்கீதம் 105இல் அது யாரைப் பற்றியது? கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றியது. ராஜாக்கள் அவர்களை ஒடுக்காதபடி சொன்னது. பலமில்லாதவர்களுக்கு வேலியாக வந்த வசனத்தை மேடையில் இருப்பவர்கள் கேடயமாகப் பிடிப்பது சரியல்ல.

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. நேரங்காலம் பார்க்காமல் வியாதிப் படுக்கைக்கு ஓடுகிறவர்கள் உங்களில் பலர். நான் கேட்பது மூன்று காரியங்கள். வெளியாள் ஒருவர் தணிக்கை செய்த வரவு செலவு சபைக்கு வரட்டும். பொறுப்புகளுக்குக் கால வரம்பு இருக்கட்டும். ஒருவர்மேல் புகார் வந்தால், அதை விசாரிக்கும் கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்க வேண்டாம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி நேரம் தொடங்கியதும் யாராவது எழுந்து முடிவு ஜெபம் செய்யப் பார்ப்பார்கள். அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையார் ஒருவன்