அந்த வசனத்தை மாற்றச் சொல்லாதீர்கள்

கரீபியன் தீவுகளில் திரைப்படப் பயிற்சிப் பட்டறைகளை நடத்துகிறவர்களுக்கும் அவற்றுக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் சினிமாவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன். டிரினிடாட்டில் ஒரு பட்டறைக்கு உதவிக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பெண் தன் குறும்பட ஸ்கிரிப்டை வாசித்தாள். பாலத்தடியில் நாலு பையன்கள், ஒருவனுடைய அம்மா வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறாள், அவன் ‘வீ லைமின்’ என்கிறான். அவ்வளவுதான் காட்சி. உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். லைமிங் என்றால் அங்கே வேலைவெட்டியை மறந்து கூடி உட்கார்ந்து அரட்டை அடிப்பது, அது இல்லாமல் அந்த ஊர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், வெளியே யாருக்கும் இது புரியாது, ஒழுங்கான இங்கிலீஷில் மாற்றிக்கொண்டு வா என்றார். மாற்றினாள். மறுநாள் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை, அவளே அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுத விடுங்கள், எடுக்க விடுங்கள்.

புரியாது என்பது பழைய பயம். 1972இல் ஜமைக்க இயக்குநர் பெர்ரி ஹென்செல் ‘தி ஹார்டர் தே கம்’ எடுத்தபோது, நாயகனாக நடித்த பாடகர் ஜிம்மி கிளிஃப் உள்பட எல்லாரையும் அந்த ஊர்ப் பேச்சுமொழியான பாட்வாவிலேயே பேச வைத்தார். அமெரிக்காவில் அதை ஆங்கில சப்டைட்டில் போட்டுத்தான் ஓட்டினார்கள், படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கின் இயக்குநர் யூசான் பால்சி 1983இல் எடுத்த ‘ரூ காஸ் நேக்ர்’ படத்தில் பிரெஞ்சோடு, அங்கே வீட்டில் பேசுகிற கிரியோலும் கலந்து வரும், அதற்கு வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது கிடைத்தது. கியூபாவில் ஹவானாவுக்குப் பக்கத்தில் சான் அந்தோனியோ தெ லோஸ் பான்யோஸில் 1986இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் மாணவர்களோடு உட்கார்ந்து அரைமணி நேரக் கதைகளைப் பேசிப் பேசி உருவாக்கினாரே, அது ஸ்பானிஷில் நடந்தது, அவர்களில் பெரும்பாலோருடைய சொந்தப் பேச்சில். யாரும் அவர்களை முதலில் மொழிபெயர்த்துக்கொண்டு வரச் சொல்லவில்லை.

ஹைட்டியையும் பாருங்கள். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜாக்மெல் ஊரின் சினே இன்ஸ்டிட்யூட் மாணவர்கள், தங்கள் பள்ளியே சேதமான நிலையிலும், கேமராவோடு தெருவில் இறங்கினார்கள். வீடிழந்த ஒரு கிழவியிடம் கிரியோலில் கேட்கிற கேள்வியும் வெளியிலிருந்து வந்தவர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கிற கேள்வியும் ஒன்றாகுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. பேச்சு புரியவில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்புகிற படங்களில் பாதிக் குற்றம் ஒலிப்பதிவுடையது. கடல்காற்று மைக்கில் அடிக்கிறது, தகரக் கூரையில் மழை பெய்கிறது, ஃபேனை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை, கேமராவில் இருக்கிற மைக்கிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். அதில் லண்டன்காரர் பேசினாலும் புரியாதுதான். அந்தப் பட்டறையின் ஐந்து நாளில் ஒலிக்கு ஒதுக்கியது ஒரு பிற்பகல், தயாரிப்பாளர் முன்னால் கதை சொல்லி விற்கப் பழக இரண்டு முழு நாள்! இதைத் தலைகீழாக்குங்கள். ஒலிக்கு இரண்டு நாள் கொடுங்கள், ஒரு நாள் சப்டைட்டில் எழுதச் சொல்லிக்கொடுங்கள். ‘லைமின்’ என்பதை இரண்டு வரிக்குள் வெளியூர்க்காரருக்கு எப்படிக் கடத்துவது என்று அந்தப் பெண்ணே யோசிக்கட்டும், அவளைவிட நன்றாக அதை யார் செய்யப்போகிறார்கள்?

ஒரு தமிழனாக எனக்கு இதில் கூடுதல் தவிப்பு உண்டு. 1850களில் தொடங்கி காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். மாரியம்மன் வழிபாட்டில் சில சொற்கள் மிஞ்சியதைத் தவிர வீட்டில் தமிழ் போய்விட்டது. இப்போது அவர்கள் வீட்டுப் பேச்சு கிரியோல். அந்த வீட்டுப் பிள்ளை படமெடுக்க வரும்போது அதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லாதீர்கள்.

சரி, செலவு ஆகும் என்பீர்கள். அடுத்த பட்டறையில் ஒலிப்பதிவு வகுப்பை நான் சம்பளம் வாங்காமல் எடுக்கிறேன். பூம் மைக்கும் காற்றுக்குப் போடுகிற உறையும் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் ‘ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும்’ என்கிற அந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.