46 நாள் வேலை

ஆசிரியருக்கு,

மெட்ரோ ஸ்ரீதரன் என்றால் எல்லாருக்கும் டெல்லி மெட்ரோவும் கொங்கண் ரயில் பாதையும்தான். பாம்பன்காரர்களான எங்களுக்கு அவர் 1964-இல் வந்த 32 வயது இன்ஜினியர். டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் ரயில் பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்கள் நூற்றுக்கும் மேல் கடலுக்குள். கப்பலுக்காகத் திறந்து மூடும் 'ஷெர்சர்' தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். ஸ்ரீதரன் முடித்தது 46 நாளில்.

கர்டர்கள் கடலடியில் கிடப்பதாகத் துப்புச் சொன்னவர்கள் மீனவர்கள். புதிதாகச் செய்து கொண்டுவரக் காத்திருக்காமல், கிடந்ததையே தூக்கி மாட்டினார்கள். என் அப்பா அப்போது வத்தையில் (சிறு படகு) கயிறும் ஆளும் ஏற்றிப் போனவர். அவர் கொண்டுவந்த துருப்பிடித்த ரிவிட் (இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணி) ஒன்று இன்றும் எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டு. (அம்மா இரண்டு முறை பழைய இரும்புக்காரரிடம் போட்டு, அப்பா மீட்டது தனிக் கதை.)

2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் துண்டொன்றைப் பாம்பன் ஸ்டேஷனில் வைத்து, அந்த 46 நாளைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். துப்புச் சொன்ன மீனவர்களையும் விட்டுவிடாமல்.

– ஒரு வாசகர், பாம்பன்