பாபநாசத்தில் குளிக்கும் முன் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி அமாவாசையை ஒட்டி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையில், பாபநாசத்திலிருந்து சொரிமுத்து அய்யனார் கோவில் வரை தாமிரபரணியில் எங்கு வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம் என்று இருந்தது. அந்த ஒரு வரியை நம்பி வெளியூர்க்காரர்கள் குழந்தைகளோடு இறங்கிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆடி மாதம் அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கும், காற்றுதான் பலமாக இருக்கும். அதே நேரத்தில் பொதிகை மலையின் மேல்பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். கீழே நிற்பவருக்கு ஒரு துளிகூடத் தெரியாது. பருவம் தப்பியும் இது நடக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது கோடை மழையில்தான்.

பாபநாசம் படித்துறையில் இன்னொரு காரணமும் உண்டு. மேலே உள்ள நீர்மின் நிலையத்தில் எந்திரங்களைச் சுழற்றிய தண்ணீர் ஆற்றில்தான் வந்து விழுகிறது. ஓடும் எந்திரங்களின் எண்ணிக்கை கூடினால், மழையே இல்லாமல் படித்துறையில் ஒன்றிரண்டு படி முழுகும். காலையில் கணுக்காலளவு நீரில் நடந்து போன பாறைத்திட்டிலிருந்து மதியம் இடுப்பளவு நீரில் திரும்ப வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது உங்கள் நாளிதழிலேயே இருக்கிறது: அணை நிலவரம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி. இரண்டும் சுரங்கக் கால்வாயால் இணைந்தவை, ஏறினால் சேர்ந்தே ஏறும். மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்ற மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மட்டம் 140 அடியைத் தாண்டி, வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாக இருந்தால் உபரி நீர் எந்நேரமும் திறக்கப்படலாம். அன்று ஆற்றில் இறங்க வேண்டாம். வினாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 28 டன் தண்ணீர் கடக்கிறது என்று பொருள். அணை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று நிம்மதி அடையவும் முடியாது. அணைக்குக் கீழே சேரும் ஓடைகளுக்கு மதகு ஏது?

இறங்கியதும் கரையோரப் பாறை ஒன்றில் நீர் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கொருமுறை ஒருவர் அதைப் பார்த்தால் போதும். நான்கு விரற்கடை ஏறியிருந்தாலே எல்லோரும் கரையேற வேண்டும். தெளிந்த தண்ணீர் கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்துக்கு மாறுவதும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவதும், இரைச்சல் கனப்பதும் வெள்ளம் நெருங்கிவிட்டதற்கு அடையாளம். அப்போது செருப்பையும் செல்போனையும் எடுக்க அக்கரைக்கு ஓடாமல், நிற்கும் பக்கத்திலேயே மேட்டில் ஏற வேண்டும். நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்று படம் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இழுப்பில் நடக்கும்போது நீர் வரும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். பாறைகளுக்குக் கீழே குடைவுகள் இருக்கும். கசம், அதாவது ஆழமான மடு, எங்கே என்று மேலிருந்து தெரியாது. தலைகுப்புறப் பாயவே கூடாது. அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயல வேண்டாம், கால் இடுக்கில் சிக்கினால் தண்ணீர் ஆளைக் கவிழ்த்து அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி, கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதித்தால் போவது இரண்டு உயிர். வேட்டியையோ முடிச்சிட்ட இரண்டு சேலைகளையோ முறுக்கி வீசுங்கள். வீசுபவரை இன்னொருவர் இடுப்பில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியைப் பற்றி உங்கள் கட்டுரை வாயே திறக்கவில்லை. ஆறு அசுத்தமாவது ஒருபுறம் இருக்கட்டும். பாலியஸ்டர் சேலை மக்காது. ஒரு முனை பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனை தண்ணீருக்குள் அலைந்துகொண்டே இருக்கும். அதில் கால் சுற்றினால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். எந்த சாஸ்திரத்தில் இதைச் சொல்லியிருக்கிறது என்று துணியை விடச் சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

மலைக்குள் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அவசரம் என்றால் 112-க்கு அழைக்கலாம் என்ற நம்பிக்கையை வனத்துறைச் சோதனைச் சாவடியோடு விட்டுவிட்டு, அருகில் எங்கே வனக்காவலர் இருப்பார் என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அணை நிலவரத்தை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். சாரல் முடியும்வரை அதைச் சுற்றுலாப் பக்கத்திலேயே, பாபநாசம் படத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
விக்கிரமசிங்கபுரம்.